பதினேழு சதுர மீட்டர் பட்டமும் பதினான்கு சதுர மீட்டர் ஹாலும்

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சௌக்கியம். ஹாலில் இருந்த டியூப்லைட் மட்டும் சௌக்கியம் இல்லை, அந்தக் கதை பின்னால் வருகிறது. அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் இடது முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். நான் எந்த விஷயத்தைச் சொல்ல வந்தேன் என்பதே எனக்கு மறந்துபோகும். அதோடு, எங்கள் வீட்டில் எந்த மூலையில் நின்று குசுகுசுத்தாலும் உங்கள் தங்கைக்குக் கேட்டுவிடும். பஸ்ஸின் கடைசி இருக்கையில் ஒருத்தன் டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருப்பதை ஸ்டியரிங் பிடித்தபடியே கண்டுபிடிக்கிற ஆள் அவள். எனவே கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். காற்று குறைவான நாளில் ஓட்டுவதற்கென்று நீங்கள் வைத்திருந்த அந்தப் பெரிய பட்டத்தை பார்சலில் அனுப்பிவிட்டு, "பாப்பாவுக்கு ஒத்து வந்தா வச்சுக்கட்டும், இல்லேன்னா திருப்பி அனுப்பிடுங்க மாப்ளே, எதுக்கும் உங்க அபிப்பிராயத்தை ஒரு வரி எழுதுங்க" என்றீர்கள். பாப்பாவுக்கு ஐம்பது வயது ஆகிறது என்பது வேறு விஷயம். பாப்பாவிடம் கேட்டால் அவள், "நீங்க திரைச்சீலைக் கடையில வெட்டித் தைக்கிறவர், துணியைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? நீங்க சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம். எனக்குன்னு பெரிசா ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு விட்டத்தைப் பார்த்தாள். ஆக, அண்ணனும் தங்கையும் சேர்ந்து தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டீர்கள். ஒரு வரியில் எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பட்டம் வந்த நாளிலிருந்து இங்கே நடந்ததெல்லாம் ஒரு வரிக்குள் அடங்குகிற சமாசாரமா என்பதை நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலில் என் நிலைமையை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை இந்தக் கைட் போர்டிங்கை, அதாவது பட்டம் இழுக்கப் பலகை மேல் நின்று கடலில் ஓடுகிற வித்தையைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எங்கள் வீட்டு லீவு நாள் காற்றின் கையில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சன்னலைத் திறந்து எதிர்வீட்டு மாடிக் கொடியில் தொங்குகிற சட்டையைப் பார்க்கிறாள். சட்டை கையை உதறிக்கொண்டிருந்தால் அன்றைக்கு நான் அநாதை. பட்டத்தையும் பலகையையும் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டு, இருட்டிய பிறகு தலைமுடி முழுக்க மணலோடு வந்து, சாப்பிடும்போதே தூங்கிவிடுவாள். சட்டை சும்மா தொங்கினால் அந்த நாள் என்னுடையது. நாங்கள் அப்படியொன்றும் சாதிப்பதில்லை மச்சான். டீ போடுவோம், சீட்டு விளையாடுவோம், அவள் கள்ளாட்டம் ஆடுவாள், நான் கண்டுகொள்ளாதது போல் இருப்பேன், மத்தியானம் அவள் தூங்குவாள், நான் பேப்பர் படிப்பேன். சாயங்காலம் எழுந்து வந்து, "இன்னிக்கு நல்லா இருந்துச்சுல்ல?" என்பாள். பெண்ணும் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு எனக்கு மிச்சம் இருப்பது அந்தச் சட்டை தொங்குகிற நாட்கள்தான். இப்போது நீங்கள் அனுப்பியிருப்பது சட்டை தொங்குகிற நாளிலும் பறக்கிற பட்டம். என் நாளையும் பிடுங்க வந்த பட்டம். அதைப் பற்றி என்னிடமே அபிப்பிராயம் கேட்கிறீர்களே, இது உங்களுக்கே நியாயமாகப் படுகிறதா?

"வேண்டாம்" என்று அன்றைக்கே எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் என் புத்தி உங்களுக்குத் தெரியும். ஒரு துணி கைக்கு வந்துவிட்டால் அதன் மறுபக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. இவ்வளவு பெரிய துணியைக் காற்றே இல்லாத நாளில் எது தூக்குகிறது, அது உண்மையிலேயே தூக்குகிறதா, அல்லது வாங்குகிறவன் தலையில் கட்டுவதற்காகச் சொல்கிற கதையா என்று தெரிந்துகொண்டே ஆகவேண்டும் போல் ஒரு அரிப்பு. தெரிந்துகொண்ட பிறகு வேண்டாம் என்று சொன்னால் மனசாட்சியும் உறுத்தாது பாருங்கள்.

வீட்டில் பகலில் ஆள் இல்லாததால் பார்சல் கடைக்குத்தான் வந்தது. வெட்டு மேஜை மேல் வைத்துப் பிரித்தேன். எலுமிச்சை மஞ்சளும் கறுப்புமாகச் சரசரவென்று ஒரு துணி வழிந்து மேஜையையும் தாண்டி, தையல் மெஷினையும் தாண்டி, வாசல் வரைக்கும் போனது. அந்த நேரம் பார்த்து எங்கள் பழைய வாடிக்கையாளரான பல் டாக்டரம்மா உள்ளே வந்தார். புதுக் கிளினிக்குக்குத் திரைச்சீலை பார்க்க வந்தவர், நான் எடுத்துப் போட்ட முப்பது மாதிரித் துணியையும் ஒதுக்கிவிட்டு, "இதுதான் வேணும்" என்று உங்கள் பட்டத்தின் மேல் கையை வைத்துவிட்டார். "மேடம், இது திரைச்சீலை இல்லை, பட்டம்" என்றேன். "எதுவா இருந்தா என்ன, ஈரம் பட்டா ஒட்டாதுல்ல? எங்க வேலைக்கு அதுதான் வேணும். இதுல எத்தனை சன்னல் வரும்?" என்றார். நானும் வாய் சும்மா இராமல் மனசுக்குள் கணக்குப் போட்டு, "நாலு சன்னல் தாராளமா வரும்" என்று சொல்லித் தொலைத்தேன். அவர் முன்பணத்தை எடுத்து நீட்ட, நான் பட்டத்தைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு பின்னறைக்குள் ஓட, எங்கள் முதலாளியம்மா வந்து சமாதானம் பண்ணும்படி ஆகிவிட்டது. பேசாமல் அவருக்கு வெட்டிக் கொடுத்திருந்தால் என் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்திருக்கும் என்று பிறகுதான் தோன்றியது.

அடுத்து, கடற்கரைச் சாலையில் இருக்கிற பட்டக் கடைக்கு விசாரிக்கப் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷர், சிரித்த முகம். பக்கத்தில் ஸ்டூலில் ஒரு தாடிக்காரர். அவர் அங்கே எதையும் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. கடைக்காரர் சொல்வதை மறுப்பதற்கென்றே வந்து உட்காருகிறவர் போலிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர், "ஓட்டுறவங்க எடை என்ன சார்?" என்றார்.

"ஓட்டுறது என் சம்சாரம்."

"சரி சார், எடை?"

"அதை எப்படிக் கேக்குறது?"

"கேக்காம எப்படி சார் சொல்றது? அறுபது கிலோன்னா இவ்வளவு பெரிய பட்டம் அவசியமே இல்லை. தொண்ணூறுன்னா இது இல்லாம ஒண்ணும் நடக்காது."

"ரெண்டுக்கும் நடுவில."

"நடுவிலன்னா எங்க சார்?"

"அதுக்கும் நடுவில" என்று மென்று விழுங்கினேன். அவர் என் கஷ்டத்தைப் புரிந்துகொண்டு வேறு விதமாக விளக்கினார். "காத்து சுத்தமா இல்லேன்னா எந்தப் பட்டமும் பறக்காது சார். கொஞ்சமாவது இருக்கணும். பெரிய பட்டத்துக்கு ஒரு கொஞ்சம் போதும். சின்னப் பட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் வேணும். இந்தக் கொஞ்சத்துக்கும் அந்தக் கொஞ்சத்துக்கும் நடுவில ஒரு கொஞ்சம் இருக்கு பாருங்க, அதுக்குத்தான் நீங்க காசு குடுக்குறீங்க." இவ்வளவு யோக்கியமான வியாபாரியை நான் என் தொழிலில் கூடப் பார்த்ததில்லை. உடனே தாடிக்காரர் பாய்ந்தார். "அந்த நடுக் கொஞ்சம் வருஷத்துல எத்தனை நாள் வரும், அதைச் சொல்லு அவருகிட்ட! சார், பட்டத்தைப் பெரிசாக்காதீங்க, காலுக்குக் கீழ இருக்கிற பலகையைப் பெரிசாக்குங்க. பெரிய பலகை தண்ணி மேல தானா நிக்கும், இருக்கிற பட்டமே இழுத்துட்டுப் போயிடும். இந்தப் பெரிய சனியன் ஒரு பக்கம் திரும்புறதுக்குள்ள டீ ஆறிடும் சார்." "டீ குடிக்கிறவனுக்கு எதுக்குய்யா கடல்?" என்று கடைக்காரர் எகிற, "கொஞ்சக் காத்துக்கே சின்னப் பட்டத்தோட தண்ணிக்கு மேல எழும்பி ஓடுற, கீழ இறக்கை வச்ச பலகை வந்ததுக்கப்புறம் இந்தப் பெரிய பட்டத்தை எல்லாரும் வித்துட்டு வர்றாங்க, தெரியுமா உனக்கு?" என்று தாடிக்காரர் பதிலுக்கு எகிற, நான் நைசாக நழுவினேன். வழியெல்லாம் ஒரு யோசனை. மச்சான், நீங்கள் இறக்கை வைத்த பலகை வாங்கியிருப்பதாகப் போன மாதம் போட்டோ அனுப்பினீர்களே? அதற்கும் இந்தப் பட்டம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

எடை விஷயம் மண்டையைக் குடைந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு பெண்டாட்டியிடம் போய், "நீ எத்தனை கிலோ?" என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே எடை பார்க்கிற மெஷினை வாசல் மிதியடிக்கு அடியில் வைத்து, முள் தெரிகிற மாதிரி ஓரத்தை மடித்துவிட்டு, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக் காத்திருந்தேன். முதலில் வந்தவர் கீழ்வீட்டுக் கணக்கு வாத்தியார். தண்ணீர் மோட்டார் விஷயமாக வந்தவர் மிதியடியில் ஏறி நின்றுகொண்டு தரையில் கிடந்த என்னைப் பார்த்து, "என்ன சார், முதுகு பிடிச்சுக்கிச்சா?" என்றார். ஆமாம் என்று சொல்லி அனுப்பினேன். வாத்தியார் ஐம்பத்தொரு கிலோ. அடுத்து உங்கள் தங்கை வந்தாள். மிதியடியைத் தாண்டிக் காலை வைத்து உள்ளே வந்து, "என்னங்க இது, கீழ தவளை படுத்திருக்கிற மாதிரி?" என்று மிதியடியை விலக்கினாள். மெஷினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஷூ, தோள்பை, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றோடும் அதன் மேல் ஏறி நின்று, "அறுபத்தி மூணு. பையைக் கழிச்சுக்கோங்க. கேட்டா சொல்ல மாட்டேனா? இதுக்கு எதுக்குத் தரையில உருளணும்?" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். எனக்கு வெட்கத்தை மீறி ஒரு சந்தோஷம். பையைக் கழித்தால் அறுபதுக்குக் கீழே! கடைக்காரர் வாயாலேயே, அவசியமில்லாத பட்டம்! நீங்கள் நூறைத் தொட்டுக்கொண்டிருக்கிற மனுஷர், உங்களுக்கு இது சரி. பாப்பாவுக்கு எதற்கு?

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குத்தான் துணியைக் காற்றடித்து, விறைப்பாக நிறுத்தி, தையலை ஒரு தடவை பார்த்துவிட ஆசை வந்தது. பார்த்துவிட்டால் குறை கண்டுபிடித்து எழுதலாமே. உங்கள் தங்கை காலை ஷிப்ட் போன பிறகு ஹாலில் விரித்து பம்பை மாட்டினேன். பட்டம் பதினேழு சதுர மீட்டர். எங்கள் ஹால் பதினான்கு. இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் தொழிலில் சன்னல் அகலத்துக்கு இரண்டு மடங்கு துணி எடுப்பதுதான் வழக்கம், கொசுவம் வைத்தால் அடங்கிவிடும். அந்தக் கணக்கில் பதினான்குக்குப் பதினேழு என்பது பற்றாக்குறை என்றே என் கைக்குப் பட்டது. துணி அறைக்குத் தகுந்த மாதிரி மடங்கும், உள்ளே அடைத்த காற்று மடங்காது என்பது அரை பம்ப் அடித்த பிறகுதான் உறைத்தது. அப்போதாவது நிறுத்தினேனா? இன்னும் கொஞ்சம் அடித்தால் என்ன ஆகும் என்று பார்க்கிற ஆசை விடவில்லை.

பம்ப் சத்தம் கேட்டு வாத்தியார் மேலே வந்தார். கதவைத் திறந்து உள்ளே காலை வைத்ததும் அவரும் தலையைச் சொறிந்துகொண்டு, "இதோட கொள்ளளவு எவ்வளவு இருக்கும்?" என்று ஆரம்பித்துவிட்டார். இருவரும் மாற்றி மாற்றி அடித்தோம். முன்பக்கக் குழாய் வில்லாக வளைந்து எழுந்தது. ஒரு நுனி சமையலறைக்குள் நுழைந்தது. இன்னொரு நுனி வாசல் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு அதன் மேல் சாய்ந்துகொண்டது. குறுக்குக் குழாய் ஒன்று சட்டென்று நிமிர்ந்து டியூப்லைட்டைத் தட்டியது, டியூப்லைட் போய்ச் சேர்ந்தது. நான் புத்தக அலமாரிக்கும் மஞ்சள் துணிக்கும் நடுவில், கன்னம் அழுந்த, கையைத் தூக்க முடியாமல் நின்றேன். எங்கிருந்தோ வாத்தியார் குரல், "சார், பதினாலுக்குள்ள பதினேழு எப்படி சார் போகும்?" என்றது. "போயிடுச்சே சார்" என்றேன். "போனது சரி, நாம எப்படி வெளிய போறது?" என்றார். காற்றைத் திறந்துவிடுகிற மூடி குழாயின் முதுகில் இருக்கிறது. முதுகு எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் இடுப்பில் கத்தரிக்கோல் இருந்தது. ஒரே குத்து. மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆனால் நல்ல துணியில் கத்தரிக்கோலைக் குத்த இந்தக் கை வராது.

எவ்வளவு நேரம் போயிற்றோ, ஷிப்ட் முடிந்து உங்கள் தங்கை வந்து கதவைத் தள்ளினாள். கதவு நகரவில்லை. "என்னங்க, கதவுக்குப் பின்னால என்ன?" என்றாள். "உங்க அண்ணன் பட்டம்" என்றேன். இன்னொரு தடவை கதவை இடித்துப் பார்த்தாள். பிறகு, "உள்ள வேற யார் இருக்கா?" "கணக்கு வாத்தியார்." அப்புறம் பஸ்ஸில் கூட்டத்தை உள்ளே தள்ளுகிற அதே குரலில் உத்தரவு போட்டாள். "வாத்தியார் சார், நீங்க ஒல்லி. படுத்து அடியில ஊர்ந்து போங்க. குழாய் முதுகில பெரிய மூடி இருக்கும், திருகுங்க. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க." வாத்தியார் கடைசி வார்த்தையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சரியாகச் செய்தார். புஸ்ஸென்று காற்று கிளம்பி அவர் கண்ணாடியைக் கழற்றி எறிந்து, பேப்பரையெல்லாம் பறக்கவிட்டு, காலண்டரை நேராக அடுத்த வருஷத்துக்கே புரட்டிவிட்டது. கதவு திறந்தது. உங்கள் தங்கை உள்ளே வந்து, சுருங்கிக்கொண்டிருந்த பட்டத்தின் மேல் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகு, "சரி, இவ்வளவு கிட்ட நின்னு பாத்திருக்கீங்க, துணி எப்படி?" என்றாள். குறை சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தையல் பிரமாதம். ஒரு இழை பிசகலை" என்று வந்துவிட்டது. மச்சான், என் வாய் எப்போதுமே என் கட்சியில் இருந்ததில்லை.

"அப்ப ஒரு நாள் கடல்ல விட்டுப் பாத்துட்டு முடிவு சொல்லுங்க. நீங்களும் வாங்க" என்றாள். போன லீவு நாளில் சட்டை தொங்கியது. அதாவது என் நாள். ஆனாலும் போனேன். கரையில் ஒரு ஈ காக்காய் இல்லை. காற்றடிக்கிற நாளில் அந்த இடம் சந்தை மாதிரி இருக்கும் என்பார்கள். அன்றைக்குத் தாடிக்காரர் கூட வரவில்லை. விஷயம் தெரிந்த ஒருத்தரும் இந்த மாதிரி நாளில் கடலுக்கு வருவதில்லை என்பதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இது என் கட்சிக்கு முக்கியமான சாட்சி. காற்றடித்த பட்டத்தை என் கையில் கொடுத்து, ஓரத்தைப் பிடித்து நிமிர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு, கயிறு நீளத்துக்குத் தள்ளிப் போய் நின்றாள். "நான் கட்டை விரலைக் காட்டுனா விட்டுடணும். தள்ளக் கூடாது, தூக்கக் கூடாது, சும்மா விட்டா போதும்" என்று சொல்லியிருந்தாள். கட்டை விரலைக் காட்டினாள். நான் விடவில்லை.

"விடுங்க!"

"கீழ விழுந்துடும்!"

"விழாதுங்க, மேல போகும்!"

துணியைத் தரையில் படவிடக் கூடாது என்று பழகிய கை மச்சான், எப்படி விடும்? பட்டம் என்னை இழுக்கிறது, நான் பட்டத்தை இழுக்கிறேன், குதிகால் மணலில் பள்ளம் தோண்டிக்கொண்டு போகிறது, அந்தப் பக்கம் உங்கள் தங்கை, "ஐயோ விட்டுத் தொலைங்களேன்!" என்று கத்துகிறாள். விட்டேன். அது விழவில்லை. அவ்வளவு பெரிய மஞ்சள் துணி, சத்தமே போடாமல், மெதுவாக, யாரோ மேலே நின்று கயிறு இழுக்கிற மாதிரி எழுந்து போனது. என் கன்னத்தில் காற்று பட்டதாகவே எனக்குத் தெரியவில்லை. அதற்கு மட்டும் எங்கிருந்து கிடைத்தது? உங்கள் தங்கை தண்ணீரில் இறங்கினாள், பலகையில் எழுந்தாள், போனாள். வேகம் எல்லாம் இல்லை. அலையில்லாத கடலின் மேல் சைக்கிளில் கடைக்குப் போகிறவள் மாதிரி போனாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். அழகாக இருந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

திரும்பி வருகிற வழியில் அந்த நடுக் கொஞ்சமும் தீர்ந்துவிட்டது. பட்டம் வானத்தில் ஒரு நிமிஷம் யோசித்தது, கயிறெல்லாம் தொய்ந்தது, பிறகு ஈரத்துணி மாதிரி தண்ணீரில் வந்து விழுந்தது. சின்னப் பட்டம் என்றால் கயிற்றை இழுத்து மறுபடி எழுப்பிவிடுவார்களாம். இது எழுந்திருக்கவில்லை. அவள் இழுத்துப் பார்த்தாள், புரட்டிப் பார்த்தாள், கடைசியில் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு நீந்த ஆரம்பித்தாள். நீந்தத் தெரியாதவன் நான். இருந்தாலும் பேண்ட்டோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பைத்தியக்காரன் மாதிரி கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். கிட்டே வந்ததும் ஒரு நுனியை நான் பிடித்தேன், இன்னொரு நுனியை அவள் பிடித்தாள், இருவருமாக இழுத்துக் கரையில் போட்டோம். மூச்சு வாங்க மல்லாந்து படுத்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சுல்ல?" என்றாள். என் பல் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் துணியை உதறி, கொசுவம் கொசுவமாக மடித்து முடித்தேன். பட்டத்தை அப்படி மடிக்கக் கூடாதாம். மறுபடி பிரித்துச் சுருட்டினோம்.

ஆகவே மச்சான், எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்து என் தீர்ப்பைச் சொல்கிறேன். துணி நல்ல துணி, தையல் முதல் தரம், அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அறுபது கிலோவுக்கும் குறைவான ஆளுக்கு இவ்வளவு பெரிய பட்டம் தேவையில்லை, இருக்கிற பன்னிரண்டு சதுர மீட்டர் பட்டத்தோடு ஒரு பெரிய பலகை இருந்தால் அதே வேலை முக்கால்வாசி நடந்துவிடும். இது திரும்புவதற்கு நேரமாகிறது. விழுந்தால் எழுந்திருப்பதில்லை. அது பறக்கிற அளவுக்கு மட்டும் காற்று இருந்து, சின்னது பறக்காத அளவுக்குக் குறைவாகவும் இருக்கிற நாள் எப்போதாவதுதான் வருகிறது. அந்த எப்போதாவதும் எனக்கு வேண்டிய நாள். அனுபவசாலிகள் எல்லாரும் அன்றைக்கு வீட்டில் படுத்துக்கொள்கிறார்கள். நீங்களே இதை விட்டுவிட்டு இறக்கைப் பலகைக்கு மாறிவிட்டீர்கள். இதற்கு மேல் சாட்சி எதற்கு? வாங்கத் தகுந்ததில்லை. பட்டத்தை நன்றாக உலர்த்தி, மணல் தட்டி, முறைப்படி சுருட்டிப் பையில் வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தையும் அதே பைக்குள் வைத்து நாளைக் காலை பார்சலில் அனுப்புகிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், இறக்கைப் பலகையில் ஏறி அதற்குப் புது வேலை வைக்காதீர்கள். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நல்ல உத்தியோகமும் நல்ல தூக்கமும் பெற்று நீடூழி வாழ எங்கள் இருவர் ஆசீர்வாதம். நீங்கள் பெரியவர், எங்களை மனதார வாழ்த்துங்கள்.

என்றும் உங்கள் அன்பு மறவாத,
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: கடிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டு பார்சல் கட்டக் கயிறு எடுக்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தால் உங்கள் தங்கை யூனிபார்மைக் கூட மாற்றாமல் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். சண்டை வரும் என்று பார்த்தால் அவள் சத்தமே போடவில்லை. "காத்து இல்லாத நாளெல்லாம் உங்க நாள்னு எழுதியிருக்கீங்களே, இதை ஏன் எங்கிட்டச் சொல்லலை?" என்றாள். "எப்படிச் சொல்றது?" என்றேன். கடிதத்தை மடித்து மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள். "காத்தடிக்கிற நாள்ல கரையில ஊரே இருக்கும். யார் பட்டத்தையும் யாராவது பிடிச்சு விட்டுடுவாங்க. காத்து கம்மின்னா ஒருத்தரும் வர மாட்டாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அவ்வளவு பெரிசைத் தனியா ஏத்த என்னால முடியாது. பக்கத்துல ஒரு ஆள் வேணும். நான் யாரை நினைச்சு அண்ணன்கிட்ட இதைக் கேட்டேன்னு நினைக்கிறீங்க? நீங்களா 'நான் வரேன்'னு சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்." மச்சான், எடையை யோசித்தேன், காற்றை யோசித்தேன், தையலை யோசித்தேன், உங்கள் மேல் கூடச் சந்தேகப்பட்டேன். அனுப்பச் சொன்னதே அவள்தான் என்பதை நீங்களும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பார்சல் கட்டவில்லை, கடிதம் மட்டும் தனியாக வருகிறது. மேலே எழுதியதில் ஒரு எழுத்தைக் கூட நான் மாற்றப்போவதில்லை, அத்தனையும் உண்மை. அந்தப் பட்டம் வாங்கத் தகுந்ததே இல்லை. நாங்கள் வாங்கிக்கொண்டோம்.